எட்டுக்கு எட்டுக் கட்டமும் இலவச டிவியும்

1995 ஏப்ரலில் ஜப்பானின் சேகா நிறுவனம் தன் மெகா டிரைவ் விளையாட்டுக் கருவியை இந்தியாவில் விற்க ஷா வாலஸ் நிறுவனத்தோடு கை கோத்தது. நேராக இறக்கினால் 80 சதவீத வரி. அதிலிருந்து தப்பிக்கத்தான் இந்த ஏற்பாடு. தப்பித்த பிறகும் ஒரு கருவியின் விலை 18,000 ரூபாய். அந்தக் காலத்தில் அது ஒரு குமாஸ்தாவின் பல மாதச் சம்பளம். கடலோரத்துச் செய்யூர் போன்ற ஓர் ஊரில், உப்பளத்திலும் வயலிலும் தினக்கூலிக்குப் போகிறவர் வீட்டில், அந்தப் பெட்டி நுழைய வழியே இல்லை.

ஆனால் அதே வருடங்களில் அதே ஊர்ப் பிள்ளைகள் மரியோவும் கான்ட்ராவும் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். பர்மா பஜாரிலிருந்து, திருவிழாக் கடைகளிலிருந்து, விடுமுறைக்கு வந்த பட்டணத்து உறவுக்காரர் பையிலிருந்து சில நூறு ரூபாய் விலையில் ‘டிவி கேம்’ வந்து சேர்ந்தது. அதில் சொருகும் பிளாஸ்டிக் பெட்டிக்குக் ‘கேசட்’ என்று பெயர். இந்தக் கருவியின் அசலைச் செய்த நிண்டெண்டோவின் பெயரை அவர்களில் பெரும்பாலோர் கேட்டதே கிடையாது. பழைய விளையாட்டுக் கருவிகளைத் தானே செய்து பார்க்கும் பொழுதுபோக்கு இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தங்கள் சிறுவயதின் அசல் பெட்டியிலிருந்து தொடங்குவார்கள். நம் பக்கம் கதை நகலிலிருந்து தொடங்குகிறது. இங்கே இந்தப் பொழுதுபோக்கில் என்ன செய்து முடிந்திருக்கிறது, என்ன மிச்சமிருக்கிறது என்பதை அந்த நகல்தான் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம்.

நகல் எடுக்கப்பட்டது நிண்டெண்டோவின் ஃபேமிகாம். ஜப்பானில் 1983 ஜூலையில் வெளியானது. உள்ளே 6502 வகைச் செயலி, நொடிக்குச் சுமார் 17.9 லட்சம் துடிப்பு. வேலை நினைவகம் 2 கிலோபைட். படம் வரைய மட்டும் தனியாக ஒரு சில்லு. தைவானின் யூஎம்சி போன்ற நிறுவனங்கள் முதலில் இந்தச் சில்லுகளைத் தனித்தனியாக நகலெடுத்தன. பிறகு எல்லாவற்றையும் ஒரே சில்லில் அடக்கிவிட்டார்கள். உங்கள் பழைய டிவி கேமைத் திறந்தால் போர்டின் நடுவில் கருப்பாக, உருண்டையாக, பிசின் சொட்டு ஒன்று காய்ந்து கிடக்கும். முழுக் கணினியும் அதற்கடியில்தான். மேலே கேசட் சொருகும் 60 முனைப் பள்ளம், ஓரத்தில் ஜாய்ஸ்டிக்குக்கான இணைப்புகள், அடாப்டர் வயர். வேறொன்றும் இருக்காது. பிசினைப் பெயர்க்க முடியாது என்பதால் எந்த டிவி மெக்கானிக்கும் அந்தச் சில்லைச் சரிசெய்ய முடியாது. அவர் கைவைக்க முடிந்தது வயரிலும் பள்ளத்திலும்தான்.

கடலோரத்தில் அந்தப் பள்ளமே பெரிய வேலை வைக்கும். செய்யூரையும் கடப்பாக்கத்தையும் சுற்றி உப்பங்கழியும் உப்பளமும். ஈரமும் உப்பும் கலந்த காற்றில் கேசட்டின் செப்புப் பட்டைகள் சீக்கிரம் பச்சை பூக்கும். படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி வாயால் ஊதுவது உலகமெங்கும் பிள்ளைகள் கண்டுபிடித்த வைத்தியம். மூச்சின் ஈரம் பட்டைக்கு இன்னும் கெடுதல். கழற்றி மறுபடி சொருகும்போது பட்டையும் முனையும் உரசிக்கொள்வதுதான் உண்மையில் வேலை செய்தது. பென்சில் ரப்பரால் பட்டையை மெல்லத் தேய்ப்பது இதைவிட நல்ல வழி. பழைய கேசட்டைக் கையில் எடுக்கிற எவருக்கும் இன்றும் முதல் வேலை அதுதான்.

இந்த நகல் உலகம் பூராவும் போயிற்று. ரஷ்யாவில் 1992-இல் டெண்டி, போலந்தில் பெகாசஸ், சீனாவில் விசைப்பலகை வைத்த சுபோர். நமக்கு வந்தவற்றில் ஒரு வேடிக்கை உண்டு. ஃபேமிகாம் விளையாட்டுகள் நொடிக்கு 60 படம் காட்டும் ஜப்பான், அமெரிக்கத் தொலைக்காட்சிகளுக்காக எழுதப்பட்டவை. இந்தியத் தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 50 படம். விளையாட்டின் ஓட்டமும் இசையும் படத்துக்குப் படம் நகர்கிறவை என்பதால், 50-க்குத் தயாரான நகல் கருவிகளில் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாக நடந்தது. அந்தக் கருவிகளில் வளர்ந்த பிள்ளைக்கு மரியோவின் பாட்டு கொஞ்சம் இழுத்துப் பாடியதாகத்தான் மனத்தில் பதிந்திருக்கும். கைபேசியில் அசல் வேகத்தில் கேட்டால் அவசரப்படுகிற மாதிரி இருக்கும்.

கேசட் மேலட்டையில் 9999999 விளையாட்டு என்று அச்சடித்திருப்பார்கள். உண்மையில் உள்ளே சில பத்து விளையாட்டுகள்தான். ஒரே விளையாட்டை மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்க வைத்து வேறு பெயர், கூடுதல் உயிர் கொடுத்து இன்னொரு பெயர் என்று பட்டியலை நீட்டியிருப்பார்கள். ஏமாற்றுதான், சந்தேகமில்லை. ஆனாலும் யாரோ ஒருவர் மூல நிரல் கையில் இல்லாமல், இயந்திர மொழியில் எந்த பைட் எதைச் செய்கிறது என்று தோண்டிப் பார்த்து, சரியான இடத்தில் எண்ணை மாற்றியிருக்கிறார். பெயர் தெரியாத அந்தத் திருட்டுத் தொழிலாளியின் திறமையும் இன்றைய ஆர்வலரின் திறமையும் ஒரே வகை. நான் அவரை மனசுக்குள் கொஞ்சம் மெச்சிக்கொள்வதுண்டு.

கருவி வந்துவிட்டது, டிவி? தமிழ்நாட்டுக் கதை மற்ற இடங்களிலிருந்து பிரிவது இங்கேதான். 2006 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 14 அங்குல டிவி போய்ச் சேர்ந்தது. குடிசையிலும் ஓட்டு வீட்டிலும் படக்குழாய் வைத்த வண்ணத் திரை. அதே காலத்தில் டிவி கேமின் விலை இன்னும் இறங்கியிருந்தது. ஓர் அரசின் நலத்திட்டமும் ஓர் அயல்நாட்டு நகல் சந்தையும் யாரும் திட்டமிடாமல் ஒரே சுவரோரம் சந்தித்துக்கொண்டன.

இன்று மேற்கு நாடுகளின் பழைய விளையாட்டுப் பிரியர்கள் படக்குழாய் டிவியைத் தேடி அலைகிறார்கள். அதற்குத் தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. வாத்துச் சுடும் விளையாட்டின் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியிலிருந்து திரைக்கு எதுவும் பாய்வதில்லை. அதன் குழலுக்குள் இருப்பது ஒளியை உணரும் ஒரு சிறு கண். விசையை இழுத்ததும் திரை ஒரு நொடித்துளி முழுக்கக் கறுக்கும். அடுத்த படத்தில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் ஒன்று மின்னும். இருட்டுக்கு அடுத்து உடனே வெளிச்சம் பட்டால் குறி சரி. இந்தக் கணக்கு, சமிக்ஞை வந்த கணமே ஒளி எழும் படக்குழாயை நம்பிப் போடப்பட்டது. எல்சிடி திரை படத்தை வாங்கி, பதப்படுத்தி, சற்றுத் தாமதித்துக் காட்டுவதால் துப்பாக்கி குருடாகிவிடும். நம் பக்கம் அந்த 14 அங்குலப் பெட்டிகள் காயலான் கடைக்குப் போகின்றன. அங்கே பின்கழுத்துச் சுருளின் செம்புக்காகக் குழாயை உடைக்கிறார்கள். ஈயம் கலந்த கண்ணாடி மண்ணில் கிடக்கிறது. (வாங்கித் திறந்து பார்க்க நினைப்பவருக்கு ஓர் எச்சரிக்கை: அணைத்த பிறகும் குழாயில் 20,000 வோல்ட் அளவு மின்னழுத்தம் தேங்கியிருக்கலாம். மெக்கானிக் இல்லாமல் பின்மூடியைத் தொடக்கூடாது.)

இந்த நகலையும் டிவியையும் சேர்த்துப் பார்த்து யோசித்தவர்களும் இருந்தார்கள். அமெரிக்க ஆய்வு மாணவரான டெரெக் லோமாஸ், இந்தியச் சந்தையில் சுமார் 12 டாலருக்கு விற்ற விசைப்பலகை வைத்த டிவி கணினியைக் கவனித்தார். 2008-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நடந்த வடிவமைப்புப் பட்டறையில் அதைக் கையில் எடுத்து, பிளேபவர் என்ற முயற்சியை நண்பர்களோடு தொடங்கினார். புதுக் கருவி எதுவும் வேண்டாம். ஏற்கெனவே கோடிக்கணக்கில் விற்றிருக்கும் நகலுக்கு நல்ல கல்வி விளையாட்டு எழுதிக் கொடுப்போம் என்பது அவர்கள் வாதம். 1983-இன் வன்பொருள் மீதான காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டதால் சட்டச் சிக்கலும் குறைவு. ஃபேமிகாமுக்கு இன்றும் விளையாட்டு எழுதும் ஆர்வலர்களை அதற்காகச் சேர்த்துக்கொண்டார்கள். 2009-இல் மக்ஆர்தர் அறக்கட்டளையின் பரிசும் கிடைத்தது. பிறகு மலிவான கைபேசிகளும் டேப்லெட்டுகளும் வந்தன. முயற்சி அந்தப் பக்கம் திரும்பியது. எனக்கு அவர்களுடைய முதல் வாதம் இன்னும் சரியாகவே படுகிறது. கருவியைப் பற்றிக் கவலைப்படாமல் விளையாட்டைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் அவர்கள்.

ஏனென்றால் கருவி செய்வது இப்போது அவ்வளவு எளிது. கனடாவின் அலெக் பூர்க் 2008-இல் வெளியிட்ட உசெபாக்ஸ் இரண்டே சில்லுகளில் ஓடும் கருவி. வரைபடமும் நிரலும் எல்லோருக்கும் திறந்தவை. 20 மெகாஹெர்ட்ஸுக்கான ஏவிஆர் சில்லை 28.6 மெகாஹெர்ட்ஸில் துரத்தி 256 வண்ணம் எடுத்துவிட்டார். கெவின் பேட்ஸின் ஆர்டுபாய் சட்டைப் பைக்குள் அடங்கும். கருப்பு வெள்ளையில் 128-க்கு 64 புள்ளித் திரை. ராஸ்பெர்ரி பை பிக்கோ 2021-இல் வந்தபோது அதன் விலை 4 டாலர்தான். ஆனால் செய்யூரில் ஒருவர் இதில் இறங்குவதாக இருந்தால் நான் சொல்லும் வழி வேறு: ஆர்டுயினோ உனோ என்ற சிறு கணினிப் பலகை, இரண்டு ரெசிஸ்டர், ஒரு ஏவி கேபிள், வீட்டு மூலையில் கிடக்கும் இலவச டிவி. மதுராந்தகத்தில் ரயிலேறி எழும்பூரில் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட் போய் வந்தால் முதல் மூன்றும் கிடைத்துவிடும். அடல் டிங்கரிங் லேப் உள்ள பள்ளி என்றால் உனோ அலமாரியிலேயே இருக்கக்கூடும்.

அந்த இரண்டு ரெசிஸ்டர் செய்யும் வேலையைக் கிட்டத்தில் பார்ப்போம். டிவியின் மஞ்சள் பின்னுக்கு மூன்று மின்னழுத்தம் போதும்: வரி தொடங்கும் அடையாளத்துக்கு 0 வோல்ட், கருப்புக்கு 0.3, வெள்ளைக்கு ஏறக்குறைய 1. உனோவின் முனைகளோ 0 அல்லது 5 மட்டுமே தரும். ஒரு முனையில் 1000 ஓம், இன்னொன்றில் 470 ஓம் வைத்து இரண்டையும் மஞ்சள் பின்னில் சேர்த்துவிட வேண்டும். டிவிக்குள் ஏற்கெனவே 75 ஓம் இருக்கிறது. இரண்டு முனையும் கீழே இருந்தால் 0. 1000 ஓம் முனை மட்டும் மேலே போனால் 0.3. இரண்டும் மேலே போனால் 0.95. சில ரூபாய்ப் பொருளில் ஒளிபரப்புத் தரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறோம். மீதி எல்லாம் நேரக் கணக்கு. ஒரு வரிக்கு 64 மைக்ரோ விநாடி. 16 மெகாஹெர்ட்ஸ் சில்லுக்கு அது 1024 துடிப்பு. படம் வரையும் வரிகளில் சில்லுக்கு மூச்சுவிட நேரமில்லை. திரைக்கு மேலும் கீழும் உள்ள வெற்று வரிகளின் இடைவெளியில்தான் விளையாட்டு தன் கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். 128-க்கு 96 புள்ளிப் படத்துக்கு 1536 பைட் போய்விடும். உனோவின் நினைவகமும் ஃபேமிகாமைப் போலவே 2 கிலோபைட், அதாவது 2048. விளையாட்டுக்கு மிஞ்சுவது 512 பைட்.

512 பைட்டில் என்ன ஆடுவது? ஆடு புலி ஆட்டத்தில் 23 முனை, 3 புலி, 15 ஆடு. ஒரு முனை காலி, புலி, ஆடு என்ற மூன்றில் ஏதோ ஒன்று. அதற்கு 2 பிட் போதும். மொத்தப் பலகையும் 46 பிட், 6 பைட்டுக்குள் அடங்குகிறது. பல்லாங்குழி 14 குழி, 14 பைட். நம் தரை விளையாட்டுகள் இந்தச் சில்லுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகின்றன. புலியை இயந்திரமே நகர்த்தி ஆட்டக்காரரை ஜெயிக்க வேண்டும் என்றால் இரண்டு மூன்று நகர்வு முன்னோக்கிப் பார்க்கவும் இடம் இருக்கிறது.

உனோவில் கை பழகியவர் அடுத்து அந்தப் பழைய நகல் கருவிக்கே விளையாட்டு எழுதலாம். சி மொழியை 6502-க்கு மாற்றித் தரும் சிசி65 இலவசம். 2019-இல் மார்ஃப்கேட் குழு வெளியிட்ட மைக்ரோ மேஜஸ் முழு விளையாட்டும் 40 கிலோபைட்டில் அடங்கியது. அசல் சூப்பர் மரியோ பிரதர்ஸின் அளவும் அதுவே. இன்று கைபேசியில் வரும் ஒரு காலை வணக்கப் படம் அதைவிடப் பெரிது.

செய்யூர்க் கந்தசாமி கோயிலில் 27 நட்சத்திரத்துக்கு ஒன்றாக 27 பூத வேதாளங்கள் நிற்கின்றன. அவற்றை வைத்து ஒரு விளையாட்டு என்று வைத்துக்கொள்வோம். ஃபேமிகாம் எல்லாவற்றையும் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பார்க்கிறது. ஒரு வேதாளத்துக்கு 16-க்கு 16 கொடுத்தால் நான்கு கட்டம். 27 பேருக்கும் 108. நகரும் உருவங்களுக்கான 256 கட்ட அட்டவணையில் தாராளமாக இடம் இருக்கிறது. ஆனால் ஒரே நேரத்தில் திரையில் நகரக்கூடியவை 64 கட்டம்தான், அதாவது 16 வேதாளம். அதிலும் ஒரே வரியில் 8 கட்டத்துக்கு மேல் கருவி வரையாது. ஐந்தாவது வேதாளம் பக்கத்தில் வந்து நின்றால் அது தெரியாமல் போகும். நிரல் எழுதுகிறவர் இதற்கு ஒரு தந்திரம் செய்வார்: ஒவ்வொரு படத்திலும் வரிசையை மாற்றி, இப்போது ஒருவரை மறைத்து அடுத்து இன்னொருவரை மறைப்பார். எல்லோரும் இருக்கிறார்கள், ஆனால் மினுக்குகிறார்கள். பழைய விளையாட்டுகளில் எதிரிகள் கூடினால் திரை துடிப்பதன் காரணம் இதுதான். வேதாளம் மினுக்கினால் குறையாகத் தெரியாது என்பது நமக்குக் கிடைத்த வசதி.

வேதாளம் ஏதாவது பேச வேண்டுமே! தமிழில்தானே பேசும்? இந்தப் பொழுதுபோக்கில் உண்மையாகவே நமக்கென்று மிச்சமிருக்கும் வேலை இதுதான் என்பேன். ஆங்கிலத்துக்கு 26 பெரிய எழுத்து, பத்து எண், சில குறிகள். நாற்பது கட்டத்தில் முடிந்துவிடும். ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டில் சுகமாக உட்காரும். தமிழ் உட்காராது. ணகரத்தைப் பாருங்கள்: மூன்று சுழி, பிறகு கால். பக்கத்து எழுத்தோடு ஒட்டாமலிருக்க ஒரு புள்ளி விட்டால் அகலத்தில் மிஞ்சுவது ஏழு புள்ளி. அதில் மூன்று சுழியை வரைந்தால் கறுப்புத் திட்டு. இரண்டு சுழி வரைந்தால் அது னகரம். உயரத்திலும் தொல்லை. மெய்யின் புள்ளிக்கும் அதற்கடியில் இடைவெளிக்கும் இரண்டு வரி, உகர ஊகார வாலுக்குக் கீழே இரண்டு வரி. நடுவில் எழுத்துக்கு நான்கு வரி. ஆக 16-க்கு 16, எழுத்துக்கு நான்கு கட்டம் என்பது தவிர்க்க முடியாதது.

இனி எண்ணிக்கை. 247 எழுத்தையும் அப்படியே வைக்கத் தேவையில்லை. ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகக் காட்டினால் உயிர் 11, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்தவை 18, இகர ஈகாரம் 36, உகர ஊகாரம் 36, தனியே நிற்கும் கால், கொம்புகள், ஐகாரக் குறி என 4. மொத்தம் 124 வடிவம். நான்கால் பெருக்கினால் 496 கட்டம். பின்னணி அட்டவணையில் இருப்பது 256. சரிப்படாது. புள்ளியைத் தனிக் கட்டமாக்கி எழுத்தின் மேல் வரிசையில் வைக்கலாம். இகர ஈகாரக் கொக்கிகளைக் காலைப் போலத் தனியே பிரிக்கலாம்; ஆனால் டி, டீ இரண்டும் அந்த வழிக்கு வராது, அவற்றுக்குத் தனி வடிவம் வேண்டும். உகரமும் ஊகாரமும் எழுத்துக்கு எழுத்து வேறு மாதிரி வளைவதால் பிரிக்கவே முடியாது. இத்தனை செய்தும் வடிவம் 75. கட்டம் 300-க்குக் கிட்டே நிற்கிறது. குறுகலான ர, ச, ட, ப போன்றவற்றைப் பாதி அகலத்தில் வரைந்து, எவரும் எழுதாத ஙு, ஙூ போன்றவற்றை எறிந்தால் ஒருவழியாக உள்ளே வரும். பின்னணிப் படத்துக்கும் இடம் வேண்டும் என்பதால், நடைமுறையில் அந்த விளையாட்டின் வசனத்தில் வரும் எழுத்துகளை மட்டும் பொறுக்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

இந்தச் சிக்கல் தமிழுக்குப் புதிதில்லை. 1930-களில் யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தபோது, தட்டினாலும் காகிதம் நகராத விசைகளைக் குறிகளுக்கு ஒதுக்கித்தான் எழுத்துக் கூட்டத்தைச் சமாளித்தார். 1990-களின் இறுதியில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழி கலந்து பேசி உருவாக்கிய டிஸ்கி குறியீட்டில் தமிழுக்குக் கிடைத்தது 128 இடம். அவர்களும் கொக்கிகளைத் தனியே பிரித்தார்கள். உகர ஊகாரங்களுக்குத் தனித்தனி இடம் கொடுத்தார்கள். டி, டீ இரண்டையும் தனியே வைத்தார்கள். யூனிகோடு வந்த பிறகு மறந்துபோன அந்தப் பட்டியலை ஃபேமிகாமுக்குத் தமிழ் எழுத நினைப்பவர் தூசி தட்டி எடுத்தால் பாதி வேலை மிச்சம். 1978-இல் அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கும் நன்றி சொல்ல வேண்டும். துதிக்கை போட்ட ணை, லை, ளை, னை, சுழித்த ணா, றா, னா எல்லாம் போகாமல் இருந்திருந்தால் இன்னும் ஏழு வடிவம், 28 கட்டம் கூடுதல்.

திரையின் அகலம் 256 புள்ளி. 16 புள்ளி எழுத்தில் ஒரு வரிக்கு 16 இடம். ‘செய்யூர்’ ஒற்றைக் கொம்பையும் சேர்த்து 5 இடம் எடுக்கும். ‘செங்கல்பட்டு’ 8, ‘மாமல்லபுரம்’ 8. இரண்டையும் நடுவில் இடைவெளி விட்டு ஒரே வரியில் எழுத முடியாது. ஓர் இடம் இடிக்கும். இப்படிப்பட்ட திரைக்கு வசனம் எழுதுகிறவர் சொல்லை எண்ணி எண்ணித்தான் எழுத வேண்டும். மொழிபெயர்ப்பாளர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்குகிற வேலை இது இல்லை. விளையாட்டை யோசிக்கும்போதே தமிழில் யோசித்தாக வேண்டும்.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. கருவியின் மீதான காப்புரிமை முடிந்துவிட்டது; மரியோவின் மீதும் கான்ட்ராவின் மீதும் பதிப்புரிமை முடியவில்லை. பழைய கேசட்டின் நிரலை எடுத்துத் தன் கருவியில் போட்டு விற்பது இன்றும் திருட்டுதான். நகல் வியாபாரம் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. தானே எழுதுகிறவருக்கு அந்தத் தொல்லையே கிடையாது. ஆடு புலி ஆட்டத்துக்கும் பல்லாங்குழிக்கும் உரிமையாளர் இல்லை. அவர் போட்டி போட்டு ஓட வேண்டியது வேறொன்றோடு. 14 அங்குல டிவிகள் ஒவ்வொரு மாதமும் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. எழுத்து வடிவங்களைக் கணினித் திரையில் வரைந்து சரிபார்த்தால் போதாது. படக்குழாயின் மங்கலில் ணகரமும் னகரமும் பிரிந்து தெரிகின்றனவா என்பதை அந்தக் குழாயில்தான் பார்க்க முடியும். ஓடுகிற நிலையில் ஒன்றைக் காயலான் கடைக்காரரிடம் இப்போதே சொல்லி வைப்பது நல்லது.